மண்ணைப் படிக்கும் மகளிர்

கலைகள் அறுபத்து நான்கு என்று நம் முன்னோர் கணக்கிட்டு வைத்தார்கள். பாட்டு, கூத்து, ஓவியம், மாலை தொடுத்தல், சமையல் என்று அந்தப் பட்டியல் நீளும். அவற்றுள் சில நமக்குப் பள்ளியிலேயே கற்றுத் தரப்படுகின்றன. தையல் வகுப்பும் கோலப் போட்டியும் இல்லாத பெண்கள் பள்ளி உண்டோ? ஆனால் ஈர வரப்பில் காணும் பத்துத் துளைகளைப் பார்த்து, எதில் எலி குடியிருக்கிறது, எதில் பாம்பு புகுந்திருக்கிறது, எது வெறும் துளை என்று சொல்லும் வித்தையை எந்தப் பட்டியலும் சேர்த்துக்கொள்ளவில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் இருளர் பெண்கள் அந்த வித்தையில் வல்லவர்கள். அதையும் கலை என்றே அழைக்க வேண்டும் என்பது நம் கருத்து. அந்தக் கலைக்கு நம் வயல்களில் என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் மிகவும் நலிவுற்றோர் என்று அரசு தனியே வகுத்திருப்பவர்கள் ஆறு பிரிவினர்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பழங்குடியினர் என்றால் மலையில் வாழ்பவர்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இருளர் விஷயத்தில் அது பாதி உண்மைதான். கோவை, நீலகிரி மலைச்சாரலில் வாழும் இருளரும் உண்டு. ஆனால் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை ஆகிய சமவெளி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்பவர்கள் பலர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாநிலத்தில் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இவர்களில் ஆயிரக்கணக்கானோர் மாமல்லபுரம் கடற்கரையில் கூடித் தங்கள் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். திருமணங்களும் அங்கேயே, விடியற்காலையில், கடல் சாட்சியாக நடைபெறும்.

நம் ஊர் வயலுக்குள் இறங்கும் முன், அந்த ஆறு பிரிவினருள் ஒருவரான தோடரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். பழங்குடி மகளிரின் கலை என்றவுடன் படித்தவர்களுக்கு நினைவு வருவது தோடர் பெண்களின் பூத்தையல்தான். பூத்துக்குளி என்னும் கனத்த வெள்ளைப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூல்களால் அவர்கள் செய்யும் வேலை நெசவோ என்று ஐயுறும்படி அத்தனை நெருக்கமாக இருக்கும். துணியில் முன்னதாகக் கோடு வரைவதில்லை. அச்சும் வைப்பதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணிக்கொண்டே ஊசியை ஏற்றி இறக்குகிறார்கள். நம் தையல் வகுப்பில் பென்சிலால் பூ வரைந்துகொண்டு தைக்கும் நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். எருமைக் கொம்பும் கதிரவனும் திங்களும் மலையும் மலரும் அவர்களுடைய வடிவங்கள். 2013-ஆம் ஆண்டில் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த எருமைக் கொம்புக்கு உரிய எருமைகளின் நிலை என்ன? தோடரின் வாழ்வும் வழிபாடும் எருமையைச் சுற்றியே அமைந்தவை. அந்த எருமைகள் மேய்ந்தவை நீலகிரியின் புல்வெளிகள். 1819-இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் அம்மலைக்குச் சென்றபின் ஐரோப்பியக் குடியிருப்பும், தேயிலையும், யூக்கலிப்டஸ், சீகை மரத் தோப்புகளும், உருளைக்கிழங்கும் ஒன்றன்பின் ஒன்றாக அப்புல்வெளிகளை விழுங்கின. செங்குத்தான சரிவுகளில் ஆண்டுதோறும் கிளறி உருளைக்கிழங்கு பயிரிட்டதால் மேல்மண் மழையோடு இறங்கிப் போயிற்று. ஒரே பயிரை விடாமல் வைத்த நிலத்தில் 1961-இல் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. அதைக் கொல்ல நஞ்சுக் குருணைகளை மண்ணில் இட வேண்டியதாயிற்று. தோடர் எண்ணிக்கை இன்று சுமார் 2,000 பேர்தான். எருமைகளும் மிகக் குறைந்துவிட்டன. போர்வையில் கொம்பு இருக்கிறது. புல்வெளியில் எருமை அருகி வருகிறது.

இருந்தாலும் தோடர் பெண்களிடம் காட்டுவதற்கு ஒரு போர்வை இருக்கிறது. கண்காட்சியில் தொங்கவிடலாம், விலை சொல்லலாம், குறியீடு பெறலாம். இருளர் பெண்களின் கலையோ முடிந்த பிறகு கண்ணுக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. எலி பிடிபட்டது, பயிர் பிழைத்தது என்பதோடு சரி. ஆகவே அது அழிந்தாலும் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்று பழமொழி சொல்கிறோம். அந்த வளையின் அமைப்பை எத்தனை பேர் அறிவோம்? நம் வயல்களில் பயிரைக் கெடுக்கும் எலிகளில் கரம்பை எலி, புல் எலி, வெள்ளெலி, வயல் சுண்டெலி என்று பல வகை உண்டு. இவற்றுள் கரம்பை எலிதான் பெரிய களஞ்சியக்காரன். வரப்புக்குள் பல கிளைகளாகச் சுரங்கம் தோண்டி, குட்டி வளர்க்க ஓர் அறை, நெல் சேமிக்கச் சில அறைகள், ஆபத்து வந்தால் ஓட அவசர வழி என்று கட்டிவைத்திருக்கும். கதிரைக் கடித்து உள்ளே இழுத்துச் சென்று சேர்த்து வைக்கும். வெளியே தள்ளிய மண்ணாலேயே வாயை அடைத்துவிட்டு உள்ளே இருக்கும். அந்த மண் ஈரமாகவும் உதிரியாகவும் இருந்தால் எலி வீட்டில் இருக்கிறது என்று பொருள். துளையின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அங்கே நடமாட்டம் இல்லை. புழுக்கையின் புதுமை, துளையின் விளிம்பில் உள்ள வழவழப்பு, பாம்புச் சட்டையின் துண்டு, கடித்த தாளின் வெட்டு ஆகியவையெல்லாம் அவர்களுக்கு எழுத்துகள். நாம் புத்தகத்தைப் படிப்பதைப் போல அவர்கள் மண்ணைப் படிக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மூதாட்டிகளும் இந்தப் படிப்பில் தேர்ந்தவர்களாக இருப்பதுண்டு.

எலி பிடிப்பது பெரும்பாலும் குடும்பமாகச் செய்யும் வேலை. அவசர வழிகளை முதலில் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு அடியில் சிறு துளையிட்ட மண்சட்டி ஒன்றில் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, சட்டியின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, சுற்றிலும் சேறு பூசி, அடித்துளையில் வாய் வைத்து ஊதுவார்கள். புகை உள்ளே போகும், எலி மயங்கும். பின்னர் கடப்பாரையால் மண்ணை அகழ்ந்து எடுக்கிறார்கள். எலியோடு அது சேர்த்து வைத்த நெல்லும் வெளிவரும். பெரிய வளையானால் சில கிலோ நெல் கூடக் கிடைக்கும். நிலத்துக்காரர் எலிக்கு இவ்வளவு என்று கூலி தருவார். வளை நெல்லும் எலியும் பிடித்தவர்களுக்கு. அந்த நெல்லைக் கழுவி, உலர்த்தி, குத்திச் சோறாக்குவது பெண்களின் பங்கு. எலிக்கறி என்றதும் நம்மில் சிலர் முகத்தைச் சுளிக்கலாம். பண்டைய உரோமாபுரிச் செல்வந்தர் காட்டெலி இனம் ஒன்றைச் சாடியில் அடைத்துக் கொழுக்க வைத்து விருந்தில் பரிமாறினர் என்பதையும், வியட்நாமின் மேக்கோங் ஆற்றுப் படுகையில் இன்றும் வயல் எலி சந்தையில் விற்பனையாகிறது என்பதையும் சொல்லி வைக்கிறோம். நெல்லையே தின்று வளர்ந்த எலி அது.

அந்தச் சட்டி ஊதுவதில் ஒரு துன்பமும் உண்டு. புகை திரும்பி முகத்தில் அடிக்கும். உதடு சுடும், கண் எரியும், நாளடைவில் நெஞ்சு கெடும். கையால் சுழற்றி ஊதும் எஃகுக் கருவி ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த தொண்டு அமைப்பு ஒன்று உருவாக்க முற்பட்டது. அம்முயற்சிக்கு 2003-இல் உலக வங்கியின் பரிசும் கிடைத்தது.

இனி வயலின் கதைக்கு வருவோம். 1960-களில் நம் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலையை மாற்றியது பசுமைப் புரட்சி. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் இரகங்களும், இரசாயன உரமும், பூச்சிமருந்தும், மின்சார மோட்டாரும் சேர்ந்து விளைச்சலைப் பெருக்கின. வேளாண்மை அறிவியல் நமக்குப் புதியதும் அன்று. நம் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இலேயே தந்த டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை நாடெங்கும் பயிராயிற்று. அந்தப் பெயரில் உள்ள எழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன என்பதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆதலால் விஞ்ஞானத்தைப் பழித்துப் பேசுவது நம் நோக்கமன்று. பசி தீர்ந்தது உண்மை. அதற்குக் கொடுத்த விலையை யாரிடமிருந்து வாங்கினோம் என்பதே கேள்வி.

எலியைக் கொண்டே இதை விளக்கலாம். முன்பு ஏரிப் பாசனத்தில் ஒரு போகம்; மிஞ்சினால் இரண்டு. அறுவடை முடிந்தால் கோடை முழுவதும் வயல் காய்ந்து கிடக்கும். எலிக்குத் தீனி இராது. பல மடிந்து போகும். எஞ்சியவையும் அதிகம் பெருகுவதில்லை. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு, ஒருவர் நெல் அறுக்கும்போது அடுத்தவர் நாற்று நடுகிறார். அதற்கடுத்த நிலத்தில் கரும்பு ஓராண்டுக்கு நிற்கிறது. எலிக்கு ஆண்டு முழுவதும் விருந்து; ஒளிந்துகொள்ளக் கரும்புத் தோட்டம். சினைக்காலம் சுமார் மூன்று வாரமே உள்ள பிராணிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆக, எலித்தொல்லை என்று நாம் புலம்புவதில் ஒரு பங்கு நாமே வளர்த்தது. நிலத்தடி நீரும் அதே வேகத்தில் கீழே இறங்கியது. முன்பு கவலை இறைத்த கிணறுகள் பல இன்று வறண்டு குப்பைக்குழியாய்க் கிடப்பதை நம் கிராமங்களில் காண்கிறோம்.

பெருகிய எலிக்கு நஞ்சு வைத்தார்கள். சிங்க் பாஸ்பைடு என்னும் கறுப்புத் தூளை எண்ணெய் விட்டுப் பொரியிலோ அரிசியிலோ கலந்து வைப்பது வழக்கம். எலியின் வயிற்று அமிலத்தில் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறிக் கொல்லும். ஆனால் எலி புத்திசாலி. சிறிதளவு தின்று பிழைத்துக்கொண்ட எலி அந்தத் தீனியை மறுபடி தொடுவதில்லை. அதற்காகவே முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நஞ்சில்லாத தீனி வைத்து ஏமாற்றச் சொல்வார்கள். பின்னர் வந்த புரோமடியலோன் போன்ற மருந்துகள் வேறு விதமானவை. இரத்தம் உறையாமல் செய்து, சில நாட்கள் கழித்தே கொல்கின்றன. அந்தச் சில நாட்களில் தள்ளாடித் திரியும் எலியைப் பிடிப்பது ஆந்தைக்கும் பருந்துக்கும் சாரைப்பாம்புக்கும் எளிது. நஞ்சு அவற்றுக்கும் ஏறுகிறது. சம்பளம் கேட்காமல் எலி பிடித்த வேலைக்காரர்களை நாமே கொன்றுவிட்டு, மேலும் நஞ்சு வாங்கக் கடைக்குப் போகிறோம். 1962-இல் அமெரிக்காவில் ராச்சல் கார்சன் அம்மையார் ‘மௌன வசந்தம்’ என்ற நூலில் பூச்சிமருந்தைப் பற்றி எச்சரித்தது இத்தகைய சங்கிலியைத்தான். நம் நாட்டில் டி.டி.டி.யை வயலில் தெளிப்பது தடைசெய்யப்பட்டது 1989-இல். எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் நிறுத்தியது 2011-இல்.

இருளர் வீட்டு அடுப்புக்கு இதனால் நேர்ந்தது என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். நஞ்சு வைத்த வயலில் பிடித்த எலியைச் சமைக்க எந்தத் தாய் துணிவாள்? எந்த வயலில் எப்போது வைத்தார்கள் என்று அவளுக்குச் சொல்பவர் யார்? எலி மட்டுமன்று. வயல் நண்டு, நத்தை, வாய்க்கால் மீன் ஆகியவற்றையெல்லாம் கையால் துழாவிப் பிடிப்பதும் பெண்களின் திறமையே. குருணை மருந்து இட்ட நீரில் இவை செத்து மிதக்கின்றன. முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து, வறுத்து, பொரியோடு கலந்து வைப்பார்கள். டிராக்டர் சமன் செய்த நிலத்தில் புற்றுக்கு இடமில்லை. வரப்பில் தானாக முளைத்த பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி, வல்லாரை முதலியவற்றைக் களை என்று பெயரிட்டுக் களைக்கொல்லி அடித்துக் கருக்குகிறோம். அவர்களுக்கு அவை கீரையும் மருந்தும். மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியைத் தேடும் நாம், அது வரப்பில் வளர்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். வயலில் மிஞ்சும் உரமும் மருந்தும் மழைநீரோடு ஓடை வழியே தாழ்வான இடம் தேடிப் போகும். மரக்காணம் அருகேயுள்ள கழுவேலி ஏரி, வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்குவதற்காக 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுற்றுப்புற வயல்களின் வடிகால் சேருவதும் அங்கேதான்.

வேதாகமத்தில் ரூத்து என்னும் விதவைப் பெண் பெத்லகேம் வயலில் அறுவடை செய்வோர் பின்னால் சென்று சிந்திய கதிரைப் பொறுக்கிய வரலாற்றை நாம் அறிவோம். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடும்படி லேவியர் நூல் கட்டளையிடுகிறது. எலி வளையில் நெல் எடுக்கும் பெண்ணும் ரூத்தின் உறவினள் என்றே நமக்குத் தோன்றுகிறது. இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. சில மணி நேரத்தில் வேலை முடிந்து, நெல் வண்டியேறிவிடும். பொறுக்குவதற்கு வருபவளை எதிர்பார்த்து அந்த இயந்திரம் நிற்பதில்லை. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலில், பழங்குடி மக்களைச் சிறுபான்மையோருள் ஒரு பிரிவினர் என்று ஒதுக்காமல், அவர்களுடைய நிலத்தைப் பற்றிய பேச்சில் அவர்களையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறார். எலி ஒழிப்பைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் இருளர் பெண் ஒருத்தி மேடையில் அமர்ந்ததை நாம் இன்னும் பார்க்கவில்லை.

இருளர் இயற்கைக்கு எந்நாளும் தீங்கு செய்யாதவர்கள் என்று அவர்களைத் தெய்வமாக்கவும் வேண்டாம். ஒரு காலத்தில் ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் காலணிக்குமாகப் பாம்புத்தோல் வியாபாரம் பெரிதாக நடந்தபோது, பாம்பைப் பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்களே. வியாபாரிக்கு இலாபம், அவர்களுக்குச் சில காசுகள், வயலுக்கு எலி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. பிழைப்பிழந்தவர்களுக்காக ராமுலஸ் விட்டேக்கர் முன்னின்று 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துக்கொண்டு பாம்பை மறுபடி விட்டுவிடுகிறது. பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் போடும் ஊசிமருந்து அந்த நஞ்சிலிருந்தே தயாராகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது, அதே திறமைக்கு எத்தனை வேறான பயன் இருக்கிறது என்று நாடே கண்டது.

பெண்களுக்கென்றும் ஒரு முயற்சி நடைபெறுகிறது. செங்கல்பட்டு அருகே தண்டரையில் 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைத் தோட்டம் அமைத்து, நாற்று வளர்த்து, மருந்து தயாரித்து விற்கிறது. வரப்பில் கருகியது அங்கே பாத்தியில் துளிர்க்கிறது. வேளாண் துறையினரும் இப்போது நஞ்சை மட்டும் நம்பச் சொல்வதில்லை. வரப்பை அகலமாக விடாமல் சிறிதாக அமைத்தல், ஒரே பகுதியில் எல்லோரும் ஒரே சமயத்தில் நடுதல், ஆந்தை வந்து உட்கார வயலில் குச்சி நாட்டுதல், வளையைத் தோண்டி எலி பிடித்தல் ஆகியவையும் அவர்கள் பரிந்துரைக்கும் முறைகள். கடைசியாகச் சொன்ன வேலைக்கு இருளரைவிடத் தேர்ந்தவர் எவர்? கதிர் முற்றுவதற்கு முன்பே அவர்களை அழைத்துவிட்டால் நஞ்சுக்கு வேலை குறையும்.

ஆனால் அழைப்பதற்கு அவர்கள் ஊரில் இருக்க வேண்டும். வயலில் பிழைப்புக் குறைந்ததும் இருளர் குடும்பங்கள் பல முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் கரும்பு வெட்டவும் போகத் தொடங்கின. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டு வந்த செய்திகளை நாளேடுகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஊரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு தடை. பழங்குடியினர் என்னும் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியரிடம் பெற வேண்டும். அதற்காகத் தாய் தந்தையர் கூலியை இழந்து பலமுறை நடக்கிறார்கள். இவ்வகைத் துன்பங்களில் அவர்களுக்குத் துணைநிற்கத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டுகளாகப் பாடுபட்டு வருவதை இவ்வூரார் அறிவர்.

சூளைக்குப் போகும் தாயோடு மகளும் போகிறாள். அங்கே வரப்பு இல்லை, ஏரி இல்லை. செடியின் பெயரும் வளையின் குறியும் சொல்லித் தரப் பாட்டிக்கு வாய்ப்பும் இல்லை. சூளை வேலை பொங்கலுக்குப் பின் சூடுபிடித்து, மழை தொடங்கும் வரை நடக்கும். நம் பள்ளிகளில் முழு ஆண்டுத் தேர்வு நடப்பதும் அந்த மாதங்களில்தான்.